ஏடு தொழுதலும் ஏடு பயிறலும்
தமிழ்ச் சமணர் தம் பிள்ளைகளுக்குத் தேர்ந்தளித்த நூல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

சுருத பஞ்சமி நாளில் நம் சினாலயங்களில் நூல்களைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து, பட்டுச் சாத்தி, மலர் தூவி வணங்குகிறோம். ஒரு நூல் எழுதி நிறைவுற்ற நாளையே திருநாளாகக் கொண்டு ஆண்டுதோறும் போற்றுவது நம் சமயத்தின் தனிச்சிறப்பு. ஆயினும், பீடத்திலிருக்கும் நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சிறுவனும் சிறுமியும் அதனைத் திறந்து ஒரு பக்கமேனும் தாமே படிக்க வல்லவரா, படிக்க விழைபவரா என்னும் வினா இன்று நம்முன் நிற்கிறது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனப் பகுதிகளின் சிற்றூர்களை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் குடியேறிய குடும்பங்களில் வளரும் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலம் சரளமாகப் பேசுகின்றனர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கின்றனர். இன்னும் ஒரு தலைமுறை இவ்வாறே சென்றால், சீவக சிந்தாமணியும் நாலடியாரும் நம் வீடுகளில் தொழப்படும் பொருள்களாக மட்டும் எஞ்சும். எனவே, நம் முன்னோர் பிள்ளைகளுக்கு எந்நூலை, எவ்வகையில், எவ்வரிசையில் கொடுத்தனர் என்பதை ஆராய்வது இம்மலருக்குப் பொருந்தும் எனக் கருதுகிறேன்.

சுருத பஞ்சமியின் தோற்றக் கதையே ஓர் ஆசிரியரையும் இரு மாணாக்கரையும் பற்றியது. நினைவில் நின்ற ஆகமப் பொருள் தம்மோடு அழிந்துவிடுமே என அஞ்சிய தரசேனாசாரியர் கிர்நார் மலையின் குகையொன்றில் வாழ்ந்தார். அவரிடம் பயில இரு முனிவர் வந்தனர். பாடம் தொடங்குமுன் அவர் இருவருக்கும் ஆளுக்கொரு மந்திரம் கொடுத்தார். ஒன்றில் ஓரெழுத்து மிகுதி. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறைவு. இருவரும் உருவேற்ற, மந்திரத் தேவதைகள் தோன்றின. ஒருத்திக்குப் பல் நீண்டு வெளியே துருத்தியிருந்தது. மற்றவளுக்கு ஒரு கண் இல்லை. தேவதையர் வடிவில் இக்குறை இருத்தல் ஆகாதே எனச் சிந்தித்த மாணாக்கர் இருவரும் தத்தம் மந்திரத்தை ஆராய்ந்து, மிகுந்த எழுத்தை நீக்கியும் குறைந்த எழுத்தைச் சேர்த்தும் மீண்டும் ஓத, தேவதையர் அழகிய வடிவில் தோன்றினர். அதன் பின்னரே தரசேனர் ஆகமத்தைக் கற்பித்தார். அவ்விருவரும் புட்பதந்தரும் பூதபலியும் ஆவர். பின்னர்ப் பூதபலி திரமிள நாட்டுக்கு, அதாவது நம் தமிழகத்துக்கு வந்தார் என்றும், புட்பதந்தர் இயற்றியனுப்பிய தொடக்கப் பகுதியைப் பெற்று எஞ்சியவற்றை முடித்தார் என்றும் மரபு கூறும். அந்நூலே சட்கண்டாகமம்.

இக்கதையில் ஆசிரியர் வேண்டியது கொடுத்ததைக் கொடுத்தவாறே ஒப்பிக்கும் மாணாக்கரை அன்று என்பது குறிக்கத்தக்கது. எழுத்தைப் பொருளோடு சேர்த்துப் பார்த்து, பிழையைத் தாமே கண்டு திருத்துவோரையே அவர் தேர்ந்தெடுத்தார். எட்டு வயதுக் குழந்தைக்கு இக்கதையைச் சொல்லிப் பாருங்கள். ஓரெழுத்துக் கூடினால் பல் நீளும், ஓரெழுத்துக் குறைந்தால் கண் போகும் என்பதைக் கேட்டு அது சிரிக்கும்; அடுத்த முறை எழுத்தை உற்று நோக்கும்.

ஆனால், அந்நூலுக்கு நேர்ந்தது யாது? அதன் தவளவுரை ஏடுகள் மூடுபிதிரைச் சமணக் கோயிலில் பல நூற்றாண்டுகள் பேணப்பட்டன. அடியார் சென்று தரிசித்தனர், படித்தோர் அரியர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் படியெடுக்கும் பணி தொடங்கியது. ஹீராலால் ஜைனர் பதிப்பில் முதல் தொகுதி அச்சேறியது 1939-இல். ஏட்டைக் காத்தவர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம், அதில் ஐயமில்லை. எனினும் காத்தலும் கற்றலும் இருவேறு பணிகள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தமிழகத்தில் கற்பிக்கும் இடத்துக்கே 'பள்ளி' என்று பெயர். சமண, பௌத்த முனிவர் தங்கிய பள்ளிகளில் ஊர்ப் பிள்ளைகளும் எழுத்துப் பயின்றதால் அப்பெயர் கல்விக்கூடத்துக்கு நிலைத்தது என அறிஞர் பலரும் கூறுவர். பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்து விடாலில் உள்ள ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையையும் அவர்தம் ஐந்நூறு மாணாக்கியரையும் குறிக்கிறது. அவர்கள் துறவு பூண்ட மகளிராகவே இருத்தல் கூடும். அங்ஙனமே கொண்டாலும், 9ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் ஆசிரியரின்கீழ் ஐந்நூற்றுவர் என்பது சிறிய செய்தியன்று. திண்ணைப் பள்ளிகளில் முதன்முதல் எழுத்தறிவிக்கும்போது, எந்தச் சமயத்துப் பிள்ளையாயினும், 'அரி நமோத்து சிந்தம்' என்று சொல்லச் செய்வர். சித்தருக்கு வணக்கம் கூறும் சமணத் தொடரின் திரிபே இது என்பர். ஆசிரியருக்கும் பொருள் தெரியாது, மாணாக்கனுக்கும் தெரியாது. ஆயினும் நாட்டின் கல்வி முழுவதும் அத்தொடரில் தொடங்கிற்று. இதனை எண்ணிப் பெருமிதம் கொள்ளலாம். பொருள் தெரியாமல் சொல்லப்பட்டதே என்று சற்று வருந்தவும் செய்யலாம்.

கற்பவர்க்கு ஏற்ற நூல்

நம் முன்னோர் நூல்களை நோக்குங்கால் ஓருண்மை புலப்படுகிறது. தமிழ்ச் சமணப் புலவர் இயற்றியவற்றுள் கணிசமானவை, முன்னிருந்த பெருநூலைக் கற்கத் தொடங்குவோர்க்கு ஏற்பச் சுருக்கியோ எளிமையாக்கியோ தந்தவை. அமிதசாகரர் யாப்பருங்கலம் இயற்றியபின் அதனோடு அமையவில்லை. அதே பொருளை யாப்பருங்கலக்காரிகை என்னும் சிறுநூலாக, இசையோடு ஓதத்தக்க கட்டளைக் கலித்துறையில், ஒரு பெண்ணை முன்னிலைப்படுத்திப் பேசுவதுபோல் மீண்டும் செய்தார். விதிகளை உலர்ந்த சூத்திரங்களாகக் கூறாமல், எதிரே அமர்ந்திருப்பவளிடம் அன்போடு கூறுவதாக அமைத்த அவர் உள்ளம் ஆசிரியருக்கே உரிய உள்ளம். மூலத்தினும் இச்சுருக்கமே நாடெங்கும் பயிலப்பட்டது. உ. வே. சாமிநாதையர் இளமையில் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் பாடங்கேட்டதும் இக்காரிகையையே.

பவணந்தி முனிவரும் அவ்வாறே. சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் செய்த நன்னூல், தொல்காப்பியக் கடலில் இறங்கும் முன் நீந்திப் பழகும் குளமாக 462 நூற்பாக்களில் அமைந்தது. அதன் பொதுப்பாயிரத்தை இன்றைய கல்வியியல் பட்டதாரிகளும் படித்தல் வேண்டும். நூலுக்குரிய குற்றம் பத்தும் அழகு பத்தும் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. சுருக்கமாகச் சொல்வதும் விளங்கச் சொல்வதும் அழகுகளுள் அடங்கும். படிப்போர்க்கு இனிமை பயத்தலும் அழகே. இனிமை என்பதை இலக்கண ஆசிரியர் ஒருவர், அதுவும் துறவி ஒருவர், நூலின் இலக்கணமாகவே வைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. கற்பிக்கும் ஆசிரியன் காலமும் இடமும் நோக்கி, கொள்பவன் எவ்வகையில் கொள்வான் என்பதை அறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு சொல்ல வேண்டும் என்றும் அவர் விதிக்கிறார்.

மாணாக்கரை அவர் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தினார். அன்னமும் பசுவும் போன்றோர் தலை. மண்ணும் கிளியும் போன்றோர் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றோர் கடை. இவற்றுள் கிளியை இடையில் வைத்ததை நினைவிற்கொள்க. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் திறமையை அவர் முற்றிலும் தள்ளவுமில்லை, தலையில் வைக்கவுமில்லை.

16ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் மண்டலபுருடர் செய்ததும் இத்தகைய பணியே. முந்தைய திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் ஆனவை. சொற்களை நெஞ்சில் நிறுத்த விருத்தமே உதவும் எனக் கண்ட அவர், சூடாமணி நிகண்டைப் பன்னிரண்டு தொகுதிகளாக விருத்தப்பாவில் யாத்தார். அதன் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை வரிசையில் அடுக்கித் தருவது. முதலடியின் ஓசை அடுத்த அடியை இழுத்து வர, அகராதியே பாட்டாயிற்று. சைவ மடங்களிலும் கிறித்தவப் பள்ளிகளிலும் பிள்ளைகள் இதனை ஓதினர். 1849-இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அச்சகம் வாங்கச் சென்னைக்கு வந்தபோது பதிப்பித்த தொடக்க நூல்களுள் ஒன்று இச்சூடாமணி நிகண்டின் உரை. சமயவாதத்தில் எவருக்கும் விட்டுக்கொடாத நாவலர், சமணர் செய்த நூலைத் தம் மாணாக்கருக்கு வேண்டுமெனக் கருதினார் என்பது நிகண்டின் பயன்பாட்டுக்குக் கிடைத்த உயர்ந்த சான்றிதழ்.

இவை யாவினும் நம் தலைப்புக்கு நெருங்கியது நரிவிருத்தம். சிந்தாமணி பாட விழைந்த திருத்தக்கதேவரிடம், முதலில் ஒரு சிறுபொருளைப் பாடிக் காட்டுக என அவர்தம் ஆசிரியர் எதிரே ஓடிய நரியைச் சுட்டினாராம். அவ்வாறு பிறந்த நூல் ஏறத்தாழ ஐம்பது பாடல்களே கொண்டது. யானையை எய்த வேடன், அவனைத் தீண்டிய பாம்பு, இவை யாவும் மாண்டு கிடக்க, இத்தனை நாளுக்கு இத்தனை உணவு எனக் கணக்கிட்டு மகிழும் நரி, முதலில் வில்லின் நாணைக் கடித்துத் தெறிக்கும் வில்லால் மடியும் நிகழ்ச்சி அதில் வருகிறது. கருவி வரலாறு எவ்வாறாயினும், 3145 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியத்தின் வாயிலில் ஒரு நரிக்கதை நிற்கிறது என்பதை நம் மரபே ஏற்றுப் போற்றி வந்துள்ளது. சிறியதிலிருந்து பெரியதற்கு, கதையிலிருந்து தத்துவத்துக்கு என்னும் ஏறுவரிசை இதனுள் அடங்கியுள்ளது.

விலங்குக் கதைகளைச் சமணத் துறவியர் இழிவாகக் கருதவில்லை. உலக மொழிகள் பலவற்றில் குழந்தைகள் படித்த பஞ்சதந்திரத்தின் புகழ்பெற்ற வடமொழிப் பாடங்களுள் ஒன்று, 1199-இல் பூர்ணபத்திரர் என்னும் சமண முனிவரால் செப்பஞ்செய்யப்பட்டது.

திண்ணைப் பள்ளியின் கிளிகள்

திண்ணைப் பள்ளிக் கல்வியை வானளாவப் புகழ்வோரும் உளர். அறவே பழிப்போரும் உளர். இரண்டும் பொருந்தா. 1822-இல் சென்னை ஆளுநர் தாமசு மன்றோ மாவட்டந்தோறும் கணக்கெடுக்கச் செய்தபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தமை தெரிய வந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகி, முன்னேறிய மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அங்கே நிலவியது. இதனைக் கண்டு எழும்பூர் ஆதரவற்றோர் விடுதியில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் 1797-இல் இலண்டனில் அறிக்கை வெளியிட, 'மதராஸ் முறை' என அது இங்கிலாந்திலும் பரவியது. நம் மணற்பலகை கடல் கடந்தது வரலாறு.

அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி, பின் சதகங்கள், அந்தாதிகள், நிகண்டு, நன்னூல் எனப் பாடம் சென்றது. நம்மவர் வீடுகளில் நாலடியாரும் அறநெறிச்சாரமும் உடன் சேர்ந்தன. பிள்ளைகள் நூற்றுக்கணக்கான பாடல்களை ஒப்பித்தனர். ஆனால், 1823-இல் பல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. காம்பெல் தம் மாவட்டத்துத் தெலுங்கு, கன்னடப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கையில், பாடநூல்களின் செய்யுள் நடை மக்கள் பேசும் மொழிக்கு வேறுபட்டிருப்பதால் மாணவன் ஒப்பிக்கும் பாடல்களின் பொருளைக் கிளி அறிந்த அளவே அறிகிறான் என்று குறை கூறினார். பவணந்தியார் நூற்பாவில் வைத்த அதே கிளி! ஆறு நூற்றாண்டு இடைவெளியில் ஒரு சமண முனிவரும் ஓர் ஆங்கில அதிகாரியும் ஒரே பறவையை எடுத்துக்காட்டினர். பல்லாரிக்குச் சொன்னது தமிழ்நாட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இதற்குப் பிள்ளைகளையோ ஆசிரியரையோ மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. ஓலையேட்டின் இயல்பே அத்தகையது. ஏட்டில் புள்ளி இடப்படுவதில்லை. குறில் எகர ஒகரமும் நெடில் ஏகார ஓகாரமும் ஒரே வடிவில் இருக்கும். ரகரமும் துணைக்காலும் வேறுபாடின்றித் தோன்றும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. அடி முடிந்த இடம் தெரியாது. பாடலை முன்னமே மனப்பாடம் செய்தவனே ஏட்டைப் பிழையின்றிப் படிக்க இயலும். ஆகவே மனனம் முதலில், வாசிப்புப் பின்னர் என்னும் முறை கட்டாயத்தால் எழுந்தது. அறியாத ஏடொன்றைத் தானே எடுத்து, தனியே அமர்ந்து, மகிழ்ச்சிக்காகப் படிக்கும் குழந்தை என்னும் எண்ணமே அக்காலத்தில் எழுந்திருக்க இயலாது.

அச்சு இதனை மாற்றியது. புள்ளியும் இடைவெளியும் நிறுத்தக்குறியும் வந்தபின் எழுத்தறிந்த எவரும் முன்பு கேளாத நூலைப் படிக்கலாயினர். சென்னைக் கல்விச்சங்கத்துத் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தார். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை 1822-இல் இலண்டனில் அச்சாயிற்று. 1835-இல் அச்சுக் கட்டுப்பாடு நீங்கியதும் இந்நாட்டார் தாமே அச்சகம் நிறுவினர். நாவலர் படிப்படியாக உயரும் பாலபாடங்களை எழுதினார். கிறித்தவ அமைப்புகள் காலணா அரையணாவுக்குச் சிறுநூல்களைப் பரப்பின. ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பிள்ளைகளுக்கென உரைநடைப் பாடநூல் செய்துகொண்ட அந்த அரை நூற்றாண்டில் நாம் பின்தங்கினோம் என்பதை ஒளிக்காமல் கூறுதல் வேண்டும். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் போன்றோர் 20ஆம் நூற்றாண்டில் மேருமந்தர புராணத்தையும் நீலகேசியையும் அரிதின் முயன்று பதிப்பித்தனர். அவை அறிஞர்க்குரிய பதிப்புகள். பத்து வயதுப் பிள்ளைக்கென நம்மவர் செய்தவை மிகச் சில.

வீட்டில் நிகழ்ந்த வாசிப்பு

எனினும் நம்மிடம் வேறொரு செல்வம் இருந்தது. 1880-இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் சிந்தாமணியை ஆராயத் தொடங்கிய சாமிநாதையர், அதன் சமணப் பொருள் விளங்காமல் கும்பகோணத்துச் சமணர் தெருவுக்குச் சென்றார். அங்கே சந்திரநாத செட்டியார் இல்லம் விழாக்கோலம் பூண்டிருந்தது. பல மாதங்களாகக் கூடியிருந்து கேட்ட சிந்தாமணி அன்று நிறைவெய்துவதே விழாவுக்குக் காரணம் என அறிந்து வியந்தார். தமிழ்ப் பேரறிஞர்களே அறியாதிருந்த காப்பியத்தை வணிகர் குடும்பங்கள் வீட்டில் வைத்துப் படித்துக் கேட்டுக் கொண்டாடின. வீடூர் அப்பாசாமி நயினார் அங்கிருந்து விளக்கம் கூறினார். 1887-இல் வெளிவந்த பதிப்புக்கு அவ்வீட்டுக் கூடம் செய்த உதவி பெரிது.

அக்கூடத்தில் பிள்ளைகளும் இருந்திருப்பர் என ஊகிப்பதில் தவறில்லை. சொல் ஒவ்வொன்றும் அவர்களுக்கு விளங்கியிராது. ஆனால் தந்தையும் தாத்தாவும் ஒரு நூலுக்காக மாலை தோறும் வேலையை விட்டு வந்து அமர்வதையும், பதுமுகன் போரிடும் இடத்தில் நிமிர்வதையும், சீவகன் துறவு பூணும் இடத்தில் கண் கலங்குவதையும் அவர்கள் கண்டிருப்பர். வாசிப்பின் மீது காதலை ஊட்டியது அக்காட்சியே. சிராவண மாதங்களில் ஸ்ரீபுராணம் வாசித்த வீடுகளைப் பற்றி நம் பெரியோர் இன்றும் கூறக் கேட்கிறோம். மணிப்பிரவாள நடை கடினமானது. ஆயினும் வாசித்தவர் இடையிடையே நிறுத்திப் பேச்சுத் தமிழில் கதை சொன்னதால் அது பிள்ளைகளையும் எட்டியது. நூலைத் தேர்வதோடு வாசிப்பவரின் குரலும் வேண்டும். அலமாரியில் நூல் நிரப்பிவிட்டுப் பிள்ளை படிக்கவில்லையே என வருந்தும் பெற்றோரிடம், தாங்கள் கடைசியாக எந்நூலை உரக்கப் படித்துக் காட்டினீர் எனக் கேட்டால் பெரும்பாலும் தொலைக்காட்சியின் மீதே பழி விழுகிறது.

20ஆம் நூற்றாண்டில் குழந்தைகளுக்கென்றே எழுதியோர் தோன்றினர். கவிமணியின் பாடல்கள் 'மலரும் மாலையும்' தொகுதியில் 1938-இல் வெளிவந்தன. அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944-இல் வந்தது. 1947-இல் அம்புலிமாமா தொடங்கியது. ஐம்பது அறுபதுகளில் சிறுவராக இருந்தோரில் மிகப் பலர் விரும்பிப் படிக்கக் கற்றது பாடநூலால் அன்று. மாதந்தோறும் அஞ்சலில் வந்த அந்த வண்ண அட்டையால். பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளில் தந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை இன்று பழைய புத்தகக் கடையில் கண்டால் விடாமல் வாங்கிவிடுக. சீர்காழி தந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதும் அடங்கும். பவணந்தியார் கருத்தின் புதுவடிவமாகவே அவை எனக்குத் தோன்றுகின்றன. அண்மையில் தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பிரித்து வெளியிட்டது. வகுப்பைக் கொண்டு நூலைத் தராமல், வாசிக்கும் திறனைக் கொண்டு தரும் இம்முறை மிகச் சரியானது. ஏழாம் வகுப்பில் பயிலும் பிள்ளை 'நுழை' நிலையில் இருப்பின் அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

எதனை முதலில் கொடுப்பது?

நம் விழாக்களில் பரிசாகவும் தானமாகவும் நூல் வழங்குகிறோம். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு நூலையும் நால்வகைத் தானத்துள் வைத்த சமயம் நம்முடையது. 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை அம்மையார் பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். கையால் எழுதிய ஆயிரம் படிகள்! ஆனால் இன்று நாம் வழங்குவனவற்றை நோக்குக. உள்ளங்கையளவுப் பதிப்பு, எறும்பளவு எழுத்து, மூலத்தினும் கடினமான உரை. மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு இதனைப் பரிசளித்தால், நூல் என்பது பெரியோர் கைதட்டும்போது வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிடும் பொருள் என்றே அவள் கற்கிறாள்.

அறநூலைச் சிறுவயதிலேயே புகட்டினால்தான் சமயப்பற்று நிலைக்கும், கதை பின்னர் வரட்டும் என்று பெரியோர் சிலர் கூறுகின்றனர். அவர்தம் கவலை மெய்யானது. அவர்களைப் புறந்தள்ளுதல் கூடாது. மேலும் மனனம் பயனற்றது என்றும் நான் கூறேன். ஐந்து வயதில் நெஞ்சில் ஏறிய பாடல் ஐம்பது வயதில் பொருள் தருவதைப் பலர் வாழ்வில் கண்டிருக்கிறோம். ஆனால் மனனம் செய்யும் பாடல் வேறு, தானே படிக்கும் நூல் வேறு. முன்னதற்கு நாலடியாரில் பத்துப் பாடல் போதும், ஓசையின்பத்தோடு சொல்லிக்கொடுக்கலாம். பின்னதற்குக் கதை வேண்டும், படம் வேண்டும், பெரிய எழுத்து வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு புதுச் சொற்களுக்கு மேல் வருதல் ஆகாது; வந்தால் குழந்தை நூலை மூடிவிடும்.

நம் இலக்கியத்திலேயே இதற்கு வேண்டிய பொருள் குவிந்து கிடக்கிறது. ஆறேழு வயதினர்க்குத் தரசேனரின் இரு மாணாக்கர் கதை. எட்டொன்பது வயதினர்க்கு நரிவிருத்தத்து நரி. முன்றுறையரையனாரின் பழமொழி நானூற்றில் முல்லைக்குத் தேரீந்த செய்தியும், இளைஞன் எனத் தயங்கியோர் முன் முதியவர் வேடம் பூண்டு தீர்ப்புரைத்த சோழன் செய்தியும் வருகின்றன. ஒவ்வொரு பாடலிலும் ஒரு பழமொழி இருப்பதால், வீட்டில் பாட்டி சொல்லும் பழமொழியோடு அதனைச் சேர்த்துக்காட்டலாம். பன்னிரண்டு வயதுக்கு மேல் சீவகன் மயிற்பொறியில் தப்பிய விசயை வயிற்றில் பிறந்து வளர்ந்த வரலாற்றை உரைநடையில் தரலாம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதன் விளைவைக் கூறும் யசோதர காவியத்தை இன்னும் சற்றுப் பொறுத்தே தருதல் நன்று. உயிர்க்கொலை எண்ணத்தில் தொடங்குகிறது என்னும் அதன் கருத்து நுட்பமானது. பிறவிதோறும் வரும் துன்பக் காட்சிகள் இளம் உள்ளத்தை அச்சுறுத்தும். அச்சத்தால் வரும் அகிம்சை எனக்கு உடன்பாடன்று. நீலகேசியின் வாதங்களுக்குக் கல்லூரிப் பருவம் வரை காத்திருக்கலாம்.

இவற்றோடு நம் சமயம் சாராத நல்ல கதை நூல்களையும் தயங்காமல் கொடுக்க வேண்டும். துப்பறியும் கதையும் பறவைகளைப் பற்றிய நூலும் படித்துப் பழகிய பிள்ளையே ஒருநாள் சிந்தாமணியின் பக்கம் திரும்பும். படிக்கவே பழகாத பிள்ளை எந்நூலின் பக்கமும் திரும்பாது. நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைக்கும் சற்றே விடுதல் வேண்டும். பரிசு மேடையில் ஒரே நூலை ஐம்பது பேருக்கு வழங்குவதினும், இருபது வகை நூல்களைப் பரப்பிவைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்க எனச் சொல்லிப் பாருங்கள். எடுக்குமுன் புரட்டிப் பார்ப்பர். அந்தப் புரட்டலில் பாதிப் பணி முடிந்துவிடும்.

அறக்கட்டளைப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். நரிவிருத்தக் கதையைப் பதினாறு பக்கச் சிறுநூலாக, பக்கத்துக்கு ஐந்தாறு வரிகளே வருமாறு, பெரிய எழுத்தில், எளிய உரைநடையில் எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன். யானையையும் பாம்பையும் நரியையும் குழந்தைகள் விரும்பும் வண்ணம் வரைய வல்ல இளைஞரோ இளம்பெண்ணோ நம் குடும்பங்களில் இருப்பின் முன்வர வேண்டுகிறேன். எழுதியதை முதலில் நம் பிள்ளைகள் பத்துப் பேரிடம் கொடுத்து, அவர்கள் தடுக்கி நிற்கும் சொற்களை மாற்றியபின் அச்சுக்குக் கொடுக்கலாம். அடுத்த சுருத பஞ்சமியன்று பீடத்தில் வைக்கும் நூல்களோடு அதன் ஒரு படியையும் வைப்போம். மற்றப் படிகள் அன்றே பிள்ளைகள் கைக்குச் செல்லட்டும்.